தண்டுவட மரப்பு நோயில் சிகிச்சைத் தாமதம்

தண்டுவட மரப்பு நோயில் சிகிச்சைத் தாமதம் என்பது, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் நரம்பு மண்டல நோய் இருப்பது உறுதியான பின்னரும், நோயின் போக்கை மாற்றும் மருந்தை நோயாளி தொடங்காமல் தள்ளிப்போடுவதையோ முற்றிலும் தவிர்ப்பதையோ குறிக்கும். பணமின்மை இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் மருந்து வாங்க வசதியுள்ள குடும்பங்களிலும் இத்தாமதம் காணப்படுகிறது. நோயின் இயல்பு, மருந்தின் இயல்பு, குடும்பச் சூழல், மருத்துவமனைக்கு உள்ள தொலைவு, அரசு உதவிகள் அமைந்துள்ள முறை ஆகிய அனைத்துக்கும் இதில் பங்கு உண்டு. தமிழ்நாட்டில், குறிப்பாக ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளில், இக்காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

நோயின் தன்மை

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பு இழைகளை மயலின் என்னும் கொழுப்புறை போர்த்தியுள்ளது. மின்கம்பியின் மேலுள்ள காப்புறை போன்றது இது. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு அணுக்கள் இவ்வுறையையே தாக்கும்போது செய்திகள் தடைபட்டும் தாமதமாகவும் செல்கின்றன. தாக்கப்பட்ட இடங்களில் தழும்புகள் உண்டாகின்றன. பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ 1868 ஆம் ஆண்டு இந்நோயைத் தனி நோயாக விளக்கினார்.

பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் நோய் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களை இரு மடங்கோ அதற்கு மேலோ பாதிக்கிறது. ஒரு கண்ணில் வலியுடன் பார்வை மங்குதல், கை கால் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, சிறுநீரை அடக்க முடியாமை, காரணமற்ற கடும் சோர்வு ஆகியவை பொதுவான அறிகுறிகள். உலகில் 2020 ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 28 இலட்சம் பேருக்கு இந்நோய் இருந்தது. ஐரோப்பாவுடனும் வட அமெரிக்காவுடனும் ஒப்பிட்டால் இந்தியாவில் இது குறைவு. இங்கு வெளியான ஆய்வுகள் பலவற்றில் ஓர் இலட்சம் பேருக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகவே இந்நோய் கணக்கிடப்பட்டுள்ளது.

நோயாளிகளில் சுமார் 85 விழுக்காட்டினருக்கு நோய் விட்டு விட்டு வரும் வகையாகத் தொடங்குகிறது. ஒரு தாக்கம் சில நாட்களோ சில வாரங்களோ நீடித்து, பிறகு தானாகவே தணிகிறது. அடுத்த தாக்கம் சில மாதங்களிலும் வரலாம், சில ஆண்டுகள் கழித்தும் வரலாம். காலப்போக்கில் பலருக்கு இது படிப்படியாக முற்றும் வகையாக மாறுகிறது. அதன்பின் இழந்த நடையும் கைத்திறனும் திரும்புவது அரிது.

இருவகைச் சிகிச்சை

நோயாளிகளும் குடும்பத்தினரும் அடிக்கடி ஒன்றாகக் கருதிவிடும் இரண்டு சிகிச்சைகள் இந்நோயில் உள்ளன.

முதலாவது, தாக்கம் வரும்போது அளிக்கப்படும் சிகிச்சை. மெத்தில்பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து பொதுவாக மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை நரம்பு வழியாகச் செலுத்தப்படும். மங்கிய பார்வை விரைவாகத் தெளியும். மரத்த கால் விரைவாக இயல்புக்கு வரும். எனினும் கண் நரம்பு அழற்சி பற்றி 1992 ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு, ஸ்டீராய்டு பார்வை திரும்பும் வேகத்தைக் கூட்டுகிறதே தவிர, இறுதியில் கிடைக்கும் பார்வையின் அளவைப் பெரிதும் மாற்றுவதில்லை என்று காட்டியது. அடுத்த தாக்கத்தைத் தடுப்பது இம்மருந்தின் வேலை அன்று.

இரண்டாவது, நோய்ப்போக்கை மாற்றும் சிகிச்சை. அடுத்த தாக்கங்களைக் குறைத்து, ஊனம் சேர்வதைத் தள்ளிப்போடுவது இதன் நோக்கம். இவ்வகையில் முதல் மருந்தான இன்டர்பெரான் பீட்டா-1பி அமெரிக்காவில் 1993 இல் ஒப்புதல் பெற்றது. தொடர்ந்து கிளாட்டிராமர் அசிட்டேட் (1996), நட்டாலிசுமாப் (2004), முதல் வாய்வழி மருந்தான பிங்கோலிமோட் (2010), டெரிபுளூனமைடு (2012), டைமெத்தில் பியூமரேட் (2013), ஓக்ரெலிசுமாப் (2017) ஆகியவை வந்தன. இம்மருந்துகள் ஏற்கெனவே இழந்த பார்வையையோ நடையையோ மீட்டுத் தருவதில்லை. மருந்து எடுப்பவருக்கு நேற்றைவிட இன்று நலம் என்ற உணர்வும் வருவதில்லை. வரவிருந்த தாக்கம் வராமல் போவதே இவற்றின் பயன். அந்தப் பயன் நோயாளியின் கண்ணுக்குத் தெரியாது. சிகிச்சைத் தாமதத்தின் வேர் பெரும்பாலும் இங்கேயே உள்ளது.

காலம் ஏன் முக்கியம்

வெளியே தெரியும் ஒரு தாக்கத்துக்கு இணையாக, அறிகுறி ஏதும் காட்டாத பல புதிய தழும்புகள் மூளையில் உண்டாகலாம் என்பதை எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டுகின்றன. ஒரு பகுதி பழுதுபட்டால் மூளை வேறு வழிகளைக் கொண்டு சிறிது காலம் ஈடுகட்டுகிறது. அந்தச் சேமிப்பு தீரும்போதுதான் நிலையான ஊனம் புலப்படுகிறது. ஆகவே நோயாளி நலமாக இருப்பதாக உணரும் ஆண்டுகளிலேயே இழப்பு நடந்துகொண்டிருக்கலாம்.

இதை அளந்து காட்டிய ஆய்வு ஒன்று 2020 ஆம் ஆண்டு லான்செட் நியூராலஜி இதழில் வெளியானது. பல நாடுகளின் நோயாளிகளைக் கொண்ட எம்.எஸ்.பேஸ் பதிவேட்டையும் சுவீடன் நாட்டுப் பதிவேட்டையும் அது பயன்படுத்தியது. நோய் தொடங்கிய இரண்டு ஆண்டுகளுக்குள் வலிமையான மருந்தைத் தொடங்கியவர்களும், நான்கு முதல் ஆறு ஆண்டுகள் கழித்து அதே வகை மருந்தைத் தொடங்கியவர்களும் ஒப்பிடப்பட்டனர். ஊனத்தை 0 முதல் 10 வரை அளக்கும் குர்ட்ஸ்கி அளவுகோலில், பத்தாம் ஆண்டில் முதல் பிரிவினரின் சராசரி 2.3 ஆகவும், இரண்டாம் பிரிவினரின் சராசரி 3.5 ஆகவும் இருந்தது. இவ்வளவுகோலில் 6 என்பது நடக்கக் கைத்தடி தேவைப்படும் நிலை. தாமதமாகத் தொடங்கியவர்களும் பிறகு அதே வகை மருந்தைத்தான் பெற்றனர். ஆயினும் பத்தாம் ஆண்டு வரை அந்த இடைவெளி மறையவில்லை.

தாமதத்துக்கான காரணங்கள்

நோய் தானே தணிவது: முதல் தாக்கம் தணிந்தவுடன் நோயே போய்விட்டதாக நோயாளி நம்புவது இயல்பு. மருந்தில்லாமலே சரியான ஒன்றுக்கு ஆண்டுக்கணக்கில் ஊசி எதற்கு என்ற கேள்வி எழுகிறது. அந்தச் சமயத்தில் செய்த எதற்கும் நலத்தின் பெருமை போய்ச் சேரும். எண்ணெய் பிடித்தது, கஷாயம் குடித்தது, உணவை மாற்றியது, நேர்த்திக்கடன் செலுத்தியது என எதுவாகவும் அது இருக்கலாம். அடுத்த தாக்கம் வரும்போது நோயாளி முதலில் நாடுவதும் அதையேதான்.

பெயரும் சொல்லும்: கண் மங்கலுடன் வந்தவரிடம் தண்டுவட மரப்பு என்றால், கண்ணுக்கும் தண்டுவடத்துக்கும் என்ன தொடர்பு என்று குழம்புகிறார். கால் இழுத்தால் வீட்டார் அதை வாதம் என்கின்றனர். பக்கவாதம், மூட்டுவாதம் ஆகியவற்றுக்குச் செய்வதையே இதற்கும் செய்கின்றனர். குணமாகாது என்று மருத்துவர் சொல்வது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற பொருளில் கேட்பவர் காதில் விழுகிறது. நீரிழிவும் குணமாவதில்லை, கட்டுப்படுத்தப்படுகிறது. அந்த ஒப்பீடு சொல்லப்படாத இடத்தில் மருந்துச் சீட்டு மடித்து வைக்கப்படுகிறது.

நோய் உறுதியாவதில் சுணக்கம்: கண் மங்கலுக்குக் கண் மருத்துவரிடமும், மரமரப்புக்கு எலும்பு மருத்துவரிடமும், சோர்வுக்குப் பொது மருத்துவரிடமும் நோயாளி செல்கிறார். இவை ஒரே நோயின் கிளைகள் என்பதை நரம்பியல் மருத்துவர் இணைத்துப் பார்க்கும் வரை ஆண்டுகள் கழியலாம். நோயை உறுதிசெய்யும் மெக்டொனால்ட் நெறிமுறை 2001 இல் வகுக்கப்பட்டது. பின்னர் பலமுறை திருத்தப்பட்டு, இன்று ஒரே தாக்கத்தின்போதும் எம்.ஆர்.ஐ., முதுகுத் தண்டு நீர் ஆகியவற்றின் துணையுடன் நோயை அறிய அது உதவுகிறது.

பக்கவிளைவு அச்சம்: இன்டர்பெரான் ஊசிக்குப் பின் காய்ச்சலும் உடல்வலியும் வருவது உண்டு. கிளாட்டிராமர் ஊசி போட்ட இடம் தடித்துச் சிவக்கும். புதிய மருந்துகள் நோயெதிர்ப்பை அடக்குவதால் தொற்று அச்சம் உள்ளது. நட்டாலிசுமாப் பெற்றவர்களில் சிலருக்கு மூளையைத் தாக்கும் அரிய கிருமித் தொற்று ஏற்பட்டதால், 2005 பிப்ரவரியில் அது விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. கண்காணிப்பு நிபந்தனைகளுடன் 2006 இல் மீண்டும் வந்தது. இப்போது அக்கிருமிக்கான இரத்தப் பரிசோதனையைக் கொண்டு ஆபத்து மதிப்பிடப்படுகிறது. காசநோய் பரவலாக உள்ள இந்தியாவில், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளுக்கு முன் காசநோயும் கல்லீரல் அழற்சி பி-யும் உள்ளனவா என்று பார்ப்பது அவசியம். அச்சத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் மருந்தின் ஆபத்து அச்சிட்ட தாளில் வரிசையாக உள்ளது. மருந்தின்றி இருப்பதன் ஆபத்துக்கு அப்படி ஒரு தாள் இல்லை. எனவே ஒன்றும் செய்யாமல் இருப்பதே பாதுகாப்பானது என்று தோன்றிவிடுகிறது.

செலவு: வெளிநாட்டு மருந்துகள் மிகுந்த விலையுடையவை. ஒரு மாதச் செலவைத் திரட்டும் குடும்பம், அது ஆண்டுக்கணக்கில் தொடரும் என்பதை அறிந்து பின்வாங்குகிறது. தொடங்கி நிறுத்துவதைவிடத் தொடங்காமலே இருக்கலாம் என்ற முடிவும் எடுக்கப்படுகிறது. இந்நிலை ஓரளவு மாறியுள்ளது. இரத்தப் புற்றுநோய்க்கான ரிட்டுக்சிமாப் மருந்தின் இந்தியப் பதிப்பு 2007 இல் வந்தது. அம்மருந்து தண்டுவட மரப்பு நோய்க்கும் பயன்படுகிறது; பொதுவாக ஆறு மாதங்களுக்கு ஒருமுறை செலுத்தப்படும். 2022 இல் வெளியான சுவீடன் ஆய்வில், டைமெத்தில் பியூமரேட் பெற்றவர்களில் 16 விழுக்காட்டினருக்கும் ரிட்டுக்சிமாப் பெற்றவர்களில் 3 விழுக்காட்டினருக்கும் மறுதாக்கம் வந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2023 ஜூலையில் தனது இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் கிளாடிரிபின், கிளாட்டிராமர், ரிட்டுக்சிமாப் ஆகிய மூன்றையும் இந்நோய்க்காகச் சேர்த்தது. விலைப்பட்டியலை ஒருமுறை கேட்டுவிட்டு மருத்துவமனைக்குத் திரும்பாதவர்களை இச்செய்தி எட்டுவதில்லை.

திருமணமும் மகப்பேறும்: நோய் வெளிப்படும் வயதும் பெண்ணுக்கு வரன் பார்க்கும் வயதும் ஒன்றாக அமைகின்றன. குளிர்பெட்டியில் ஊசி மருந்து இருந்தால் உறவினர் கேட்பார்கள். எனவே திருமணம் முடியட்டும் என்று சிகிச்சை தள்ளிவைக்கப்படுகிறது. திருமணமான பின் குழந்தை பிறக்கட்டும் என்றும், பிறந்த பின் பால் மறக்கட்டும் என்றும் தவணை நீள்கிறது. 12 ஐரோப்பிய நாடுகளின் பெண்களிடம் நடந்து 1998 இல் வெளியான ஆய்வு, கருவுற்ற கடைசி மூன்று மாதங்களில் தாக்கங்கள் குறைவதையும், பிரசவத்துக்குப் பிந்தைய முதல் மூன்று மாதங்களில் அவை கூடுவதையும் காட்டியது. கருக்காலத்தின் நலத்தைக் கண்டு நோய் நின்றுவிட்டது என்று எண்ணுவது இதனால் ஆபத்தாகிறது. டெரிபுளூனமைடு போன்ற சில மருந்துகள் கருவுக்குக் கேடு தரும். வேறு சில மருந்துகளை மகப்பேற்றுத் திட்டத்துக்கேற்பத் தேர்ந்தெடுக்க முடியும்.

அதிசயச் சிகிச்சைகள்: கழுத்து நரம்புகளில் இரத்தம் தடைபடுவதே இந்நோய்க்குக் காரணம் என்று இத்தாலிய மருத்துவர் சம்போனி 2009 இல் கூறினார். அந்த நாளங்களை விரிக்கும் சிகிச்சையைத் தேடிக் கனடா நாட்டு நோயாளிகள் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளுக்குப் பயணமாயினர். அச்சிகிச்சையால் பயனில்லை என்று சம்போனியே நடத்திய ஆய்வு 2017 இல் காட்டியது. அதை நம்பி மருந்தை நிறுத்தியவர்களுக்குப் பணத்துடன் காலமும் போயிற்று.

ஏற்காடு மலைப்பகுதியின் சூழல்

சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையில் அமைந்துள்ளது ஏற்காடு வட்டம். கொட்டச்சேடு போன்ற சிற்றூர்களும் காப்பித் தோட்டங்களும் மலையாளிப் பழங்குடி மக்களின் கிராமங்களும் நிறைந்த பகுதி இது. 2011 கணக்கெடுப்பில் இவ்வட்டத்தின் மக்கள்தொகை 40 ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. ஓர் இலட்சத்துக்குப் பத்துக்கும் குறைவு என்ற கணக்கில் பார்த்தால், வட்டம் முழுவதிலும் ஓரிருவரோ சிலரோதான் இந்நோயுடன் இருக்கக்கூடும். இங்குள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதும் ஒரு நோயாளியைக்கூடக் காணாமல் போகலாம். அதே காரணத்தால், பக்கத்து ஊரில் மருந்து எடுத்து நலமாக நடமாடும் ஒருவரைக் காட்டி நம்பிக்கை ஊட்டவும் வழியில்லை.

நரம்பியல் மருத்துவரையும் எம்.ஆர்.ஐ. படத்தையும் நாட, சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சேலத்துக்கு இறங்க வேண்டும். ஏற்காடு–சேலம் சாலையில் மட்டும் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. உள்ளடங்கிய ஊர்களிலிருந்து முதலில் ஏற்காட்டுக்கோ மலைச்சாலைக்கோ வந்து சேர வேண்டும். தலைச்சுற்றலும் தள்ளாட்டமும் உள்ளவருக்கு வளைவுப் பாதையில் பேருந்துப் பயணமே ஒரு சோதனை. தோட்டத்தில் நாட்கூலி பெறுபவருக்கு, துணைக்கு வருபவரின் கூலியையும் சேர்த்து இரண்டு நாட்கூலி போகிறது. நோய் தணிந்து உடல் நன்றாக இருக்கும் நாளில் இந்தச் செலவைச் செய்ய மனம் ஒப்புவதில்லை. ஆனால் மருந்து தொடங்க ஏற்ற காலமும் அதுவே.

தட்பவெப்பமும் ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறது. உடல் வெப்பம் கூடும்போது பழைய அறிகுறிகள் தற்காலிகமாகத் தலைகாட்டும். 1890 இல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஊத்தாப்பின் பெயரால் இது வழங்கப்படுகிறது. கோடையில் சேலத்து வெயிலில் அலைந்தவருக்குக் கண் மங்கி, மலையேறியதும் தெளியலாம். மலைக்காற்றே மருந்து என்றும், மருத்துவமனைக்குப் போனதால்தான் நோய் கூடியது என்றும் குடும்பம் முடிவுகட்ட இது போதும். உண்மையில் வெப்பத்தால் புதிய தழும்பு உண்டாவதில்லை. குளிரால் உள்ள தழும்பு ஆறுவதும் இல்லை.

மருந்தைப் பாதுகாப்பதும் சிக்கலே. இன்டர்பெரான், கிளாட்டிராமர் ஊசிகளைப் பொதுவாக 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைக்க வேண்டும். குளிர்பெட்டி இல்லாத வீட்டிலும், மழைக்காலத்தில் மின்சாரம் தடைபடும் ஊரிலும் இது எளிதன்று. இத்தகையோருக்கு மாத்திரையோ, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் செலுத்தும் மருந்தோ பொருந்தலாம். நோயாளியின் ஊரையும் வீட்டையும் கேட்டறியாமல் எழுதப்படும் மருந்துச் சீட்டு பயன்படாமல் போக வாய்ப்பு மிகுதி.

காத்திருப்பது பொருத்தமான நிலைகள்

எல்லாத் தாமதமும் தவறன்று. கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமயலிட்டிஸ் ஆப்டிகா என்னும் வேறொரு நோய் பார்வைக்கு இதுபோலவே இருக்கும். இன்டர்பெரான், பிங்கோலிமோட், நட்டாலிசுமாப் ஆகியவை அந்நோயை மோசமாக்கக்கூடும். அதைப் பிரித்தறிய உதவும் எதிரணு 2004 இல் கண்டறியப்பட்டது. ஐயம் உள்ளபோது அப்பரிசோதனையின் முடிவுக்குக் காத்திருப்பது முறையானது. காசநோய் இருந்தால் அதற்கான சிகிச்சை முந்த வேண்டும். தேவையான தடுப்பூசிகளுக்காகவும் சில வாரங்கள் செலவாகலாம். நீண்டகாலம் புதிய தாக்கமோ தழும்போ இல்லாத முதியவர்களுக்கு மருந்தின் பயன் குறைவாக இருக்கலாம்.

இவற்றுக்கும் மற்றத் தாமதங்களுக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. முன்னதில் எதற்காகக் காத்திருக்கிறோம், எப்போது மீண்டும் பார்க்க வேண்டும், அடுத்த எம்.ஆர்.ஐ. எப்போது என்பவை முடிவு செய்யப்பட்டிருக்கும். பின்னதில் நாள் குறிக்கப்படுவதில்லை.

அரசு உதவிகளும் அவற்றின் வரம்பும்

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில், நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகளின் கீழ் தண்டுவட மரப்பு நோய் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளது. ஆயினும் அச்சட்டத்தின் இடஒதுக்கீடு முதலிய பல பயன்களுக்கு 40 விழுக்காடு ஊனம் சான்றளிக்கப்பட வேண்டும். தமிழ்நாடு அரசு வழங்கும் மாதாந்தரப் பராமரிப்பு உதவித்தொகையும் ஊனமுற்ற பின் கிடைப்பதே. தனியார் தீவிர நோய்க் காப்பீடுகளுக்கான பொது வரையறையும், இயக்கம் அல்லது உணர்வுக் குறைபாடு தொடர்ந்து ஆறு மாதங்கள் நீடித்திருக்க வேண்டும் என்கிறது. 2012 இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைகளை மனதில் கொண்டு வகுக்கப்பட்டது.

இவை தேவையான உதவிகளே. ஆனால் பெரும்பாலானவை ஊனம் வந்தபின் கைகொடுக்கின்றன. ஊனத்தைத் தடுக்கும் மருந்துக்குப் பணம் தேவைப்படும் காலத்தில், நோயாளி நன்றாக நடக்கிறார். சான்றிதழுக்குத் தகுதி பெறுவதில்லை. மருந்து வாங்க முடியாமல் நடை போனபின் தகுதி பெறுகிறார்.

தாமதத்தைக் குறைக்கும் வழிகள்

நோயை உறுதிசெய்யும் நாளிலேயே நோயாளி எல்லாவற்றையும் உள்வாங்க இயலாது. இரண்டு மூன்று வாரங்களில் குடும்பத்தினருடன் மறுசந்திப்புக்கு நாள் குறிப்பது உதவும். எம்.ஆர்.ஐ. படத்தில் பழைய தழும்பையும் புதிய தழும்பையும் காட்டி விளக்கினால், உடலில் தெரியாதது கண்ணுக்குத் தெரிகிறது. ரெஹ்மத் பசல்பாய் 1985 இல் மும்பையில் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உள்ளது. நெடுநாள் இந்நோயுடன் வாழ்பவர்களைச் சந்தித்துப் பேச இத்தகைய அமைப்புகள் வழிசெய்கின்றன. உயர் சிகிச்சைக்குச் சென்னை அரசுப் பொது மருத்துவமனை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகிய இடங்களில் நரம்பியல் துறைகள் உள்ளன.

மருந்து தொடங்கத் தயங்குபவர் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டியவை:

1. தம் நோய் எந்த வகை, எம்.ஆர்.ஐ.யில் எத்தனை தழும்புகள், அவை எங்கே உள்ளன.
2. மருந்து எடுத்தால் வரக்கூடியது என்ன, எடுக்காவிட்டால் வரக்கூடியது என்ன.
3. விலை குறைந்த, நிரூபிக்கப்பட்ட மாற்று மருந்து உண்டா.
4. திருமணம், மகப்பேறு ஆகியவற்றுக்கு எந்த மருந்து இடையூறாக இராது.
5. குளிர்பெட்டி, பயணம், வேலை நேரம் ஆகியவற்றுக்கு எது ஒத்துவரும்.
6. இப்போது தொடங்காவிட்டால் அடுத்த பரிசோதனை எந்த நாளில்.

ஆறாவது கேள்வி மருந்து வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்கும் உரியது. மருந்து எடுப்பதும் மறுப்பதும் நோயாளியின் உரிமை. மறுத்தவரும் மருத்துவரின் பார்வையிலேயே இருந்தால், ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் புதிய தழும்பு தெரியும்போது, நடை குன்றும் முன்பே முடிவை மாற்றிக்கொள்ள இடம் இருக்கும்.